தீவிலிருந்து வந்து நம் ஊர்களின் கதை கேட்டவர்

விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள பனமலைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஏரியையும், அதன் அருகே எழும் பாறைக் குன்றையும், குன்றின்மேல் நிற்கும் தாளகிரீசுவரர் கோவிலையும்தான். தாளம் என்றால் பனை. ஊரின் பெயரே கோவிலின் பெயராக வடமொழியில் நிற்கிறது. இந்தக் கோவிலை யார் கட்டினார் என்று கேட்டால், பல்லவ மன்னன் இராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தப் பதில் எளிதில் கிடைத்ததன்று. இவ்வூரில் உள்ள கல்வெட்டின் கடைசிச் சுலோகமும் காஞ்சி கைலாசநாதர் கோவிலில் உள்ள ஒரு சுலோகமும் ஒன்றே என்று கண்டு, 1890-இல் அறிஞர் ஹுல்ஷ் அச்சில் வெளியிட்ட பிறகுதான் உறுதி பிறந்தது. அதுவரை, நம் நாட்டின் பல்லாயிரம் ஊர்களைப் போலவே, இங்கும் கல் மௌனமாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை மட்டும் வாய்வழியே நடந்துகொண்டிருந்தது.

கல்லையும், ஓலையையும், பெரியவர்களின் வாய்மொழியையும் ஊர் ஊராகச் சென்று சேகரிக்க வேண்டும் என்ற எண்ணம், அரசாங்கத்தில் கல்வெட்டுத் துறை என்று ஒன்று உருவாவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. அவர் நம் நாட்டவர் அல்லர். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில், உலகத்தின் ஓரம் என்று மற்றவர்கள் நினைத்த ஒரு தீவில் பிறந்தவர். கர்னல் காலின் மெக்கன்சி என்பது அவர் பெயர். இந்திய நிலஅளவைத் துறையின் முதல் தலைமை அதிகாரி என்று வரலாறு அவரை அறியும். செஞ்சியின் வரலாற்றை எழுத உட்காருகிற எவரும் இன்றும் அவர் திரட்டிய சுவடிகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவருடைய வாழ்க்கையை இங்கே சற்று நினைத்துப் பார்ப்போம்.

கல் நிற்கும் தீவு

மெக்கன்சி 1754-ஆம் ஆண்டளவில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை வணிகர், அவ்வூரின் முதல் அஞ்சல் அதிகாரியும் அவரே. லூயிஸ் என்பது காற்று ஓயாத தீவு. மரங்கள் அரிது. சதுப்பு நிலத்தில் கரிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, உலர்த்தி, அதையே அடுப்பெரிக்கப் பயன்படுத்தினார்கள். மக்கள் பேசியது கேலிக் மொழி. ஆட்சி மொழியோ ஆங்கிலம். சொந்த மொழியில் பாட்டும் கதையும் ஏராளம். எழுதி வைத்தது குறைவு.

அந்தத் தீவின் மேற்குக் கரையில் கலனிஷ் என்ற இடத்தில் நெடுங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. பதின்மூன்று கற்கள் கொண்ட வட்டம், நடுவில் ஏறக்குறைய 5 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல், நான்கு திசைகளிலும் நீளும் கல்வரிசைகள். இவை நடப்பட்டு ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் ஆகின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மெக்கன்சி சிறுவனாக இருந்த காலத்தில் இந்தக் கற்களின் அடிப்பகுதி கரிமண்ணில் புதைந்து கிடந்தது. 1857-இல்தான் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மண்ணை அகற்றி முழு உருவத்தையும் வெளிக்கொணர்ந்தார்கள். கிறிஸ்தவ மறையை ஏற்க மறுத்த அரக்கர்களை ஒரு புனிதர் கல்லாக்கிவிட்டார் என்பது அந்த ஊர்க் கதை. நம் பக்கத்திலும் பழங்காலப் புதைகுழிகளைப் பாண்டவர் குழி என்பார்கள், குகைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். நம் மாவட்டத்தில் செஞ்சி வட்டாரத்து உடையாநத்தத்தில், கல்வட்டங்களுக்கு நடுவே கைகளை விரித்தாற்போல ஒரு பெரிய கற்பலகை நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கலனிஷ் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. யார் நட்டார் என்று தெரியாத கல்லுக்கு மக்கள் ஒரு கதை சொல்லி அதைக் காப்பாற்றி வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதே.

லூயிஸ் தீவுக்குத் தெற்கே அயோனா என்ற சிறு தீவு இருக்கிறது. அயர்லாந்திலிருந்து புனித கொலும்பா 563-ஆம் ஆண்டு வந்து துறவு மடம் நிறுவிய இடம் அது. அவர் பெயரால் ஒரு பழைய கோவில் ஸ்டோர்னோவேக்கு அருகிலும் உண்டு. இன்று அது கூரையில்லாமல் கடலோரத்தில் நிற்கிறது. ஆக, மெக்கன்சி வளர்ந்த சூழலில் பழமை என்பது புத்தகத்தில் படிக்கிற பொருளாக இருக்கவில்லை. வீட்டைவிட்டு இறங்கினால் காலில் இடறியது.

அந்தத் தீவுகளைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியவரும் தீவுக்காரரே. ஸ்கை தீவில் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் மக்களிடம் கேட்டறிந்த செய்திகளோடு 1703-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு வெளியூர் அறிஞர்கள் வரத் தொடங்கினார்கள். 1773-இல் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் தம் நண்பர் பாஸ்வெல்லுடன் அத்தீவுகளில் சிலவற்றைச் சுற்றிப் பார்த்தார்; லூயிஸ் வரை அவர் போகவில்லை. கேலிக் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்ததாகச் சொல்லப்பட்ட பழம்பாடல்களை ஜான்சன் நம்பவில்லை. ஓலையோ தாளோ இல்லாத நினைவுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பது அந்நாளில் சூடான விவாதமாக இருந்தது. அப்போது மெக்கன்சிக்கு வயது பத்தொன்பது இருக்கலாம். தன் மக்களின் நினைவைப் பற்றி வெளியார் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இளைஞராக இருந்தார் என்பதை மட்டும் நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மதுரையில் விழுந்த விதை

ஸ்டோர்னோவே சுங்க அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கணக்கில் நல்ல ஆர்வம். அவர் தீவின் நிலக்கிழாரான சீஃபோர்த் பிரபுவின் ஆதரவும் இருந்தது. மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத அவருடைய வழித்தோன்றலான நேப்பியர் பிரபு முயன்றபோது, பண்டைய இந்தியரின் கணித அறிவைப் பற்றிச் செய்தி திரட்டும் பணியில் மெக்கன்சியும் ஈடுபட்டார். அந்த ஆர்வமே அவரைக் கிழக்கே இழுத்தது என்பார்கள். ஏறக்குறைய முப்பது வயதில், 1783-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னையில் வந்திறங்கினார். சில ஆண்டுகளில் பொறியாளர் பிரிவுக்கு மாறினார்.

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் அப்போது மதுரையில் இருந்தார். அவருடைய கணவர் ஜான்ஸ்டன் கம்பெனி அதிகாரி. அந்த வீட்டில்தான் மெக்கன்சி மதுரைப் பண்டிதர்களைச் சந்தித்துப் பேசினார். தென்னாட்டின் வரலாற்றுக்கான சான்றுகளைத் தேட வேண்டும் என்ற திட்டம் மதுரையில் உருவானது என்று ஜான்ஸ்டனின் மகன் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் விதை விழுந்ததும் முளைத்துவிடவில்லை. முதல் பதின்மூன்று ஆண்டுகள் கோயம்புத்தூர், திண்டுக்கல், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், 1793-இல் புதுச்சேரி முற்றுகை, 1796-இல் இலங்கை என்று போரும் பயணமுமாகவே கழிந்தன. அந்தக் காலத்தில் தம் தேடலுக்கு நேரமும் இல்லை, வழிகாட்ட ஆளும் இல்லை, மொழியும் தெரியாது என்று மெக்கன்சியே பின்னாளில் 1817-இல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் ஒப்புக்கொள்கிறார். ஆளும் அதிகாரி ஒருவர் தமக்குத் தெரியாது என்று எழுதி வைப்பது அந்நாளில் அவ்வளவு வழக்கமானதன்று.

போரய்யா திறந்த கதவு

1796-இல் இலங்கையிலிருந்து திரும்பிய பிறகுதான் கதவு திறந்தது. திறந்தவர் ஓர் இருபது வயது இளைஞர். காவலி வெங்கட போரய்யா என்பது அவர் பெயர். ஆந்திர நாட்டு ஏலூரைச் சேர்ந்தவர். தெலுங்கும் வடமொழியும் கன்னடமும் தமிழும் அறிந்தவர். எந்த ஊரில் யாரைக் கேட்க வேண்டும், கோவில் அர்ச்சகரிடம் எப்படிப் பேச வேண்டும், கணக்குப்பிள்ளையின் சந்தேகத்தை எப்படித் தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பழங்கன்னட எழுத்துகளைப் படிக்க வழி கண்டவரும் அவரே. இந்நாட்டு அறிவின் வாசலுக்குள் தம்மை அழைத்துச் சென்றவர் போரய்யாவே என்று மெக்கன்சி வெளிப்படையாகச் சொன்னார்.

போரய்யா 1803-இல், முப்பது வயதைத் தொடுவதற்குள், இறந்துபோனார். அவருடைய தம்பிகள் இலட்சுமய்யாவும் இராமசாமியும் வேலையைத் தொடர்ந்தார்கள். மைசூர் நாட்டைச் சேர்ந்த தர்மய்யா என்ற சமணர் பழங்கல்வெட்டுகளைப் படித்துக் கொடுத்தார். தமிழ்ப் பகுதிகளில் அப்பாவு, நாராயணராவ், பாபுராவ் போன்றவர்கள் நடந்தார்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது. ஏறக்குறைய 40,000 சதுர மைல் பரப்பு. பத்தாண்டு வேலை. காடும் காய்ச்சலும் அவருடைய குழுவை வாட்டின. சென்னையில் 1794-இல் தொடங்கிய நிலஅளவைப் பள்ளியில் பயின்ற அனாதை இல்லச் சிறுவர்கள் அவருடன் சங்கிலி பிடித்தார்கள், வரைபடம் வரைந்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் உள்ள அழகான ஓவியங்கள் பலவற்றுக்கு அந்தச் சிறுவர்களின் கைகள்தாம் காரணம்.

அளவைக்காரர்கள் அளந்து முடித்த இடத்தில் மெக்கன்சியின் ஆட்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். இந்த ஊர் எப்போது உண்டானது? ஏரியை வெட்டியவர் யார்? கோவிலுக்கு மானியம் கொடுத்தது எந்த அரசன்? இங்கே எந்தெந்தக் குலத்தார் வாழ்கிறார்கள்? அவர்கள் எங்கிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்? பழைய ஓலை யாரிடம் இருக்கிறது? விற்க மனமில்லையென்றால் படியெடுத்துக்கொள்ளலாமா?

எல்லா ஊரிலும் வரவேற்பு கிடைக்கவில்லை. வரி போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று பலர் பயந்தார்கள். மானிய நிலம் பறிபோகும் என்று சிலர் பட்டயங்களை மறைத்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அலைந்த நடையையும் பட்ட அவமதிப்பையும் கிடைத்த ஓலையையும் உதவியாளர்கள் மாதந்தோறும் மெக்கன்சிக்கு எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் இருக்கின்றன. எந்தச் சத்திரத்தில் தங்கினார்கள், யார் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள் என்பதை அவற்றில் காணலாம். உதவியாளர்களின் செலவுக்கும் சுவடிகள் வாங்கவும் கம்பெனி கொடுத்தது போதவில்லை. மெக்கன்சி தம் சொந்தப் பணத்தைக் கொட்டினார்.

நம் பக்கத்துச் செய்திகள்

நம் பகுதிக்கும் இந்தத் தொகுப்புக்கும் உள்ள தொடர்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை என்பவர் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்ற தமிழ் உரைநடை நூல், செஞ்சி நாயக்கர்கள் தொடங்கி ஆற்காட்டு நவாபுகள் வரையான நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. அது மெக்கன்சி தொகுப்பில் இடம்பெற்றுப் பிழைத்தது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது இச்சுவடிகளைப் பெரிதும் பயன்படுத்தினார்.

அதேபோல் சமணர்கள். செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் உள்ளது. சமணம் என்பது பௌத்தத்தின் கிளை என்றோ இந்து சமயப் பிரிவு என்றோ ஐரோப்பியர் எண்ணியிருந்த காலத்தில், சமணர்களிடமே நேரில் கேட்டு அவர்கள் தனிச் சமயத்தார் என்று எழுதியவர்களில் மெக்கன்சி முதன்மையானவர். ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றிப் பெரிய கூட்டத்தாரிடம் விசாரிக்காமல் அவர்களிடமே விசாரித்தார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த நேர்மையை நாம்கூட எல்லா வேளையிலும் கடைப்பிடிக்கிறோமா?

மீண்டும் ஒரு தீவு

1811-இல் கம்பெனிப் படையுடன் மெக்கன்சி ஜாவாத் தீவுக்குப் போனார். தலைமைப் பொறியாளர் பொறுப்பு. போர் முடிந்ததும் அங்கேயும் அதே வேலை. டச்சு ஆவணங்களைத் தேடினார். ஜாவா மொழிச் சுவடிகளைத் திரட்டினார். 1812 ஜனவரியில் காடு மூடிக்கிடந்த பிரம்பனான் கோவில்களைப் பார்த்து விரிவான குறிப்பு எழுதினார். கடல் கடந்து வந்த அத்தீவில் சிவனுக்கும் திருமாலுக்கும் எழுந்த கோவில்களைக் கண்டபோது, தென்னிந்தியக் கோவில்களைச் சுற்றி வந்த அவருக்கு அவை புதியவையாக இருந்திருக்க முடியாது. ஜாவாவில்தான் அவர் 1812-இல், ஐம்பதைக் கடந்த வயதில், பெட்ரொனெல்லா பார்ட்டெல்ஸ் என்ற பெண்மணியை மணந்தார்.

அமராவதியின் கற்கள்

கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள அமராவதியின் கதை இவர் வாழ்வில் முக்கியமானது. 1797-ஐ ஒட்டி அவ்வூர் ஜமீன்தார் புதிய ஊர் கட்டக் கல்லும் செங்கலும் தேடி ஒரு மேட்டைத் தோண்டினார். சிற்பம் செதுக்கிய வெண்ணிறக் கற்பலகைகள் வெளிப்பட்டன. செய்தி அறிந்து மெக்கன்சி போய்ப் பார்த்தார். ஆனால் தங்கி ஆராய அப்போது வாய்ப்பில்லை. மறுபடி அவர் ஆட்களுடன் போனது 1816-இல். இடைப்பட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் எத்தனையோ கற்கள் படிக்கட்டாகவும் சுவராகவும் மாறியிருந்தன.

எஞ்சியவற்றை அவருடைய குழுவினர் ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார்கள். புத்தரின் பெயரால் எழுந்த பெருந்தூபி அது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே துல்லியமாக வரைந்து வைத்தார்கள். அந்தக் கற்களில் சில இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சில லண்டனிலும் இருக்கின்றன. பல காணாமலே போய்விட்டன. அப்படிப் போனவற்றுக்கு இந்த வரைபடங்கள் மட்டுமே சாட்சி. அவர் படியெடுக்கச் செய்த கல்வெட்டுகளிலும் இதே நிலைதான். கல் உடைந்துபோன இடங்களில் தாள் மட்டும் பேசுகிறது.

மூன்று பேர் நிற்கும் ஓவியம்

1815-இல் இந்தியா முழுவதற்கும் நிலஅளவைத் தலைமை அதிகாரி என்ற பதவி உருவாக்கப்பட்டு, மெக்கன்சி அதில் அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு சென்னையில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரை வரைந்தார். அந்நாளில் பெரிய பதவியில் இருந்தவர்கள் தனியாக நின்று ஓவியம் வரைந்துகொள்வார்கள். மெக்கன்சியோ சிவப்புச் சீருடையில் நிற்க, அவரைச் சூழ்ந்து மூன்று இந்திய உதவியாளர்களும் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. பின்னணியில் தொலைவில் ஒரு பெரிய சமணச் சிலை. அவருடைய வேலை எப்படி நடந்தது என்பதை அந்த ஓவியம் உள்ளபடியே காட்டுகிறது. ஓலையைப் பிடித்திருப்பவர் அதைப் படிக்கத் தெரிந்தவர். நடுவில் நிற்பவருக்குத் தெரியாது.

1817-இல் அவர் கல்கத்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. இலட்சுமய்யா முதலிய சிலரை உடன் அழைத்துச் சென்றார். எல்லோராலும் போக முடியவில்லை. வங்காளத்தில் தமிழ், கன்னடச் சுவடிகளைப் படிக்க ஆள் கிடைக்காமல் வேலை தளர்ந்தது. தம் தொகுப்புக்கு முறையான பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. உடல்நலம் கெட்டு, 1821 மே 8 அன்று கல்கத்தா அருகே அவர் காலமானார். கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவுக்கு வந்து 38 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் பிறந்த தீவுக்குத் திரும்பவில்லை. பட்டியலும் வெளிவரவில்லை.

கம்பெனி அந்தத் தொகுப்பை அவருடைய மனைவியிடமிருந்து 10,000 பவுனுக்கு வாங்கியது. வில்சன் என்ற அறிஞர் 1828-இல் பட்டியலை வெளியிட்டார். 1,568 இலக்கியச் சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள் என்று அந்தக் கணக்கு நீள்கிறது. தொகுப்பு பிரிந்தது. ஓவியங்களும் வேறு பலவும் லண்டன் சென்றன. தென்மொழிச் சுவடிகளின் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பியது. சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அதுவே அடித்தளம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. வி. மகாலிங்கம் 1970-களில் அவற்றின் சுருக்கங்களை வெளியிட்டார்.

கணக்கின் மறுபக்கம்

ஒருவரைப் போற்றும்போது மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். மெக்கன்சி வரைந்த வரைபடங்கள் படை நடத்தவும் வரி வாங்கவும் பயன்பட்டன. அவர் நம்மை வென்ற கம்பெனியின் ஊழியர். ஊர்க் கணக்குகளை மறைத்த மக்கள் அறியாமையால் மறைக்கவில்லை. தங்கள் நிலத்தைக் காக்கவே மறைத்தார்கள். அமராவதியின் சிற்பங்கள் பல திசைகளில் சிதறியதிலும் அவருக்குப் பங்குண்டு. சிலவற்றை அவரே பெயர்த்து அனுப்பினார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. மெக்கன்சியின் மறைவுக்குப் பிறகு, அந்த வேலையைத் தம் பொறுப்பில் தொடர அனுமதிக்குமாறு இலட்சுமய்யா அரசிடம் விண்ணப்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே வாழ்ந்தவர் அவர். தொகுப்பில் எது எங்கே இருக்கிறது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் வேறு யார்? ஆனால் வங்காள ஆசியக் கழகத்தில் ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் 1836-இல் அதை ஏற்கவில்லை. ஐரோப்பியரின் மேற்பார்வை இல்லாமல் இந்தியர் ஒருவரால் இத்தகைய ஆய்வைச் செய்ய முடியாது என்பது அவர்கள் எண்ணம். பணி வேறொருவருக்கு, வில்லியம் டெய்லர் என்ற போதகருக்குப் போனது. ஓவியத்தில் மெக்கன்சியின் அருகே நின்றவருக்கு அலுவலகத்தில் இடம் கிடைக்கவில்லை.

மெக்கன்சியின் சிறப்பை இந்த இடத்தில்தான் நாம் சரியாக அளக்க முடியும். அவர் மேதை அல்லர். நம் மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவரும் அல்லர். தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார், அவர்களை நம்பினார், அவர்களுடைய பெயரைச் சொன்னார். ஓரத்துத் தீவில், பிறர் பழமை என்று எண்ணாத நினைவுகளின் நடுவே பிறந்தவருக்கு, ஓரத்துக் கிராமத்துக் கிழவர் சொல்லும் கதையும் கேட்கத் தகுந்ததாகத் தோன்றியிருக்கிறது. அவருக்குப் பின் வந்த பெரிய அறிஞர்களுக்கு அது தோன்றவில்லை.

2017-இல் ஸ்டோர்னோவே அருங்காட்சியகத்தில் அவருடைய தொகுப்பிலிருந்து சில பொருட்களை லண்டனிலிருந்து வரவழைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். அவர் திரும்பிப் போகாத ஊருக்கு, அமராவதிக் கல் போய்ச் சேர்ந்தது.

நம் கையில் இருப்பது

அன்பு வாசகர்களே, மெக்கன்சியின் ஆட்கள் ஓலை கேட்டு நடந்த பாதைகளில் இன்று பேருந்து ஓடுகிறது. பனமலைக் கோவிலின் ஒரு சிற்றறையில், ஒரு காலை மடக்கி, குடையின்கீழ் நிற்கும் பார்வதியின் பல்லவர் கால ஓவியம் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. அது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கல்லும் சுவரும் போகிற வேகத்தைவிட வேகமாகப் போவது மனிதரின் நினைவு. ஏரி மதகுக்கு ஏன் அந்தப் பெயர், பஞ்சகாலத்தில் ஊர் எங்கே போயிற்று, இந்தத் தெருவுக்கு முதலில் குடிவந்த குடும்பம் எது, கோவில் மணி எந்த ஆண்டு வந்தது என்பவை அரசாங்க ஏட்டில் இல்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவரிடம் இருக்கின்றன. அவரைப் புதைக்கும் நாளில் அவையும் போகும்.

இவற்றைக் காக்கக் கர்னல் பதவியும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம். பங்கு அலுவலகத்தில் பூச்சி அரிக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை உலர்ந்த இடத்துக்கு மாற்றலாம். பரணில் கிடக்கும் ஓலைக்கட்டை எறிவதற்கு முன் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தாத்தாவின் பக்கத்தில் உட்கார வைக்கலாம். நம் ஊரில் சிறு எண்ணிக்கையில் வாழும் மக்களைப் பற்றி மற்றவர்களிடம் கேட்காமல் அவர்களிடமே கேட்கலாம்.

கேட்டு எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம். சொன்னவர் பெயரையும், சொன்ன நாளையும் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள்.